வலைக்குப் பின்னால் எரிந்த விளக்கு

போன புதன்கிழமை, நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த உங்கள் ஐந்து பேருக்கும் நான் எடுத்த வகுப்பு முடியும் நேரத்தில், உங்களில் கடைசியாக உட்கார்ந்திருந்த பெண் ஒரு கேள்வி கேட்டாள். "சார், தீப்பிடிச்சா நம்ம சைரன் அடிக்கும், லைட்டு மின்னும். அதுக்குப் பொறவு ஆளுங்க வெளிய வாறதும் வராததும் அவங்க பாடுதானே? நமக்கு அதுல என்ன பொறுப்பு?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். நீங்களும் எழுந்துவிட்டீர்கள். வடசேரியில் பஸ் ஏறி, நெய்யூர் பக்கம் என் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. பதில் தெரியாமல் நான் நழுவவில்லை. அந்தப் பதிலைச் சொல்லத் தொடங்கினால் செலின் என்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் ஐந்து பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வயர் இழுப்பது, பேனல் மாட்டுவது, பேட்டரி பார்ப்பது எல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதில் நான் கெட்டிக்காரன்தான். நான் தவறியது அதில் இல்லை.

வளைகுடாவில் பதினாறு வருடம் இதே தொழிலில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்தி, சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. அப்போது கடற்கரைச் சாலையில் ஒரு வலைக் கம்பெனியின் வேலை வந்தது. மீன்பிடி வலை நெய்கிற இடம். ஒரு கூடத்தில் தறிகள். அதற்கடுத்த அறையில் வலையை நீராவியில் வாட்டி முடிச்சுகளை இறுக்குவார்கள். அதைத் தாண்டி ஒரு நீளமான கூடம். அங்கே பெண்கள் வலையை விரித்துப் பார்த்து, அறுந்த கண்ணிகளைக் கையால் பின்னிச் சரிசெய்வார்கள். வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்ப் பெண்கள்.

தறிக் கூடத்தின் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்பவரின் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அந்தப் பெண்கள் கத்துவதைக்கூட விட்டுவிட்டு, கையாலும் புருவத்தாலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சைரன்களை மாட்டி முடித்தோம். தறிக் கூடத்தில் மட்டும் மின்னும் விளக்குகள் நான்கு வைத்தோம். சோதிக்கும் நாள் வந்தபோது மேனேஜர் என்னிடம் வந்தார். பொல்லாத ஆள் இல்லை. அவசரத்திலேயே வாழ்கிற ஆள்.

"அண்ணாச்சி, தறி ஓடும்போ சைரன் அடிச்சா பெண்ணுங்க எல்லாம் போட்டது போட்டபடி ஓடும். ஒரு நாள் ஓட்டம் போவும். ஞாயித்துக்கிழமை வச்சுக்கிடுவோமா?"

"வச்சுக்கிடலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டிடம் ஆராதனை முடிந்த கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. சைரனை அடித்தேன். தகரக் கூரை அதிர்ந்தது. வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார். நானும் சிரித்தேன். படிவத்தில் 'எல்லா இடங்களிலும் தெளிவாகக் கேட்டது' என்று எழுதினேன்.

வளைகுடாவில் இப்படி எழுதியிருக்க முடியாது. இயந்திரங்கள் ஓடும்போது, மீட்டரைப் பிடித்து அளந்து, அந்த இடத்தின் வழக்கமான சத்தத்தை மீறிச் சைரன் கேட்கிறதா என்று பார்க்காமல் ஒரு படிவத்திலும் கையெழுத்துப் போட விடமாட்டார்கள். கேட்காத இடத்தில் விளக்கு வேண்டும். அந்த விளக்கு, ஆள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து கண்ணில் பட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பதினாறு வருடம் அப்படித்தான் செய்தேன். அங்கே என்னைச் சரிபார்க்க ஒருவன் இருந்தான். இங்கே யாரும் இல்லை. நான் எவ்வளவு நல்ல வேலைக்காரன் என்பது, சரிபார்க்க ஆள் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து, எங்கே புகை என்று காட்டிச் சைரனை இயக்கும் பேனலை எப்படிப் பார்ப்பது என்று அலுவலக ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வலை சரிசெய்யும் கூடத்தில் நின்றுகொண்டு சைரனைச் சில நொடிகள் மட்டும் அடிக்கச் சொன்னேன். தறிகள் சுவருக்கு அந்தப் பக்கம் என்பதால் இங்கே சைரன் நன்றாகவே கேட்டது. பெண்கள் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள், ஒருவரைத் தவிர. கூடத்தின் கோடியில், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், கொக்கியில் மாட்டியிருந்த வலையில் ஊசியை ஓட்டிக்கொண்டே இருந்தார். விரல்கள் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த இளம்பெண் அவர் தோளில் தட்டினாள். அவர் திரும்பினார். முதலில் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாயடியில் என்னைத் தேடி வந்தார். என் உதட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"சாரே, நீங்க கண்டத யாருகிட்டயும் சொல்லாண்டாம்."

"எத்தன வருசமா இப்படி?"

"தறியில பதினேழு வருசம் நின்னேன். எடது காது மொத்தமா போச்சு. வலதுல என்னமோ இரைச்சல் போல கேக்கும். பொறவாக்கும் இந்தப் பக்கத்துக்குக் கேட்டு வாங்கி வந்தேன். மேனேஜர் அறிஞ்சா நிறுத்திப் போடுவாவ. கழிஞ்ச வருசம் ரெண்டு பேர அப்பிடித்தான் அனுப்புனாவ. எனக்க ஆளு கடலுக்குப் போனா மாசக்கணக்குல வராது. மோளு நர்சிங் படிக்கா. அவ முடிக்கிறது வர நான் நிக்கணும் சாரே."

"நான் சொல்ல மாட்டேன்."

அவர் போகவில்லை. "தறிப் பக்கம் வச்சியளே, அந்த மின்னுற லைட்டு, அதுல ஒண்ணு இஞ்சயும் வைக்க ஒக்குமா? கண்ணு எனக்கு நல்லா தெரியும்."

அவர்தான் செலின். தோளில் தட்டியவர் ரீத்தா. இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே பஸ்.

என் பையில் ஒரு விளக்கு மிச்சம் இருந்தது. அன்று மதியமே அதை மாட்டினேன். மேனேஜர் கேட்டபோது, வரைபடத்தில் உள்ளதுதான் என்றேன். செலினின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன், அவருக்கு ஒரு பாதுகாப்பும் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. விளக்கை எங்கே மாட்டினேன் தெரியுமா? கூடத்தின் மறு கோடியில், வாசலுக்கு மேலே. வயர் ஏற்கெனவே அங்கே வந்திருந்தது. செலினின் தலைக்கு எதிரே உள்ள சுவருக்குக் கொண்டுபோக இன்னும் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அன்று அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு தெரிந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை நான் போனபோது செலின் ஒரு பொதி நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரம். படகுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கேட்பார்கள். வலை சரிசெய்யும் கூடத்தில், மேலே புதிதாகக் குறுக்குக் குழாய்கள் அடித்து, முடிந்த வலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நீலமும் பச்சையுமாக, கூரையிலிருந்து தரைவரை, வரிசை வரிசையாக. வாசலில் நின்றால் கூடத்தின் கோடி தெரியவில்லை.

விளக்கைச் சோதிக்க வேண்டும். அது ஒரு வலைக்குப் பின்னால் இருந்தது. நான் இடது கையால் அந்த வலையை ஒதுக்கிப் பிடித்தேன். விளக்கு பளிச் பளிச்சென்று நன்றாக மின்னியது. கையை எடுத்தேன். வலை பழையபடி விழுந்து விளக்கை மூடியது.

இதை நீங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். விளக்கு மறைந்திருப்பதை நான் கவனிக்காமல் விடவில்லை. என் கையாலேயே வலையை விலக்கி, பார்த்து, திரும்பவும் விட்டேன். மறு பக்கம் யார் நிற்கிறார் என்று போய்ப் பார்க்கவில்லை. வலை எப்படியும் சீசன் முடிந்தால் போய்விடும் என்று நினைத்தேன். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றும் நினைத்தேன். அந்த நேரத்தில் அவர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் 'விளக்குகள் அனைத்தும் நல்ல நிலையில்' என்று எழுதிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

அதற்குப் பதினோராம் நாள் பிற்பகல், நீராவி அறையில் வலை உலர்த்தும் ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது.

இனிச் சொல்வது, நான் பின்னால் ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது. புகை கிளம்பியதும் நம் கருவிகள் ஒன்றுகூடத் தவறவில்லை. பேனல் அலறியது, சைரன்கள் எல்லாம் அடித்தன, விளக்குகள் எல்லாம் மின்னின. தறிக் கூடத்தில் அந்தச் சைரனை யாரும் கேட்கவில்லை. விளக்கையும் பார்க்கவில்லை, வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடித் தகடு போட்டிருந்தார்கள், பட்டப்பகல் வெயிலில் விளக்கு மின்னியது எடுபடவில்லை. தறி மெக்கானிக் ஒருவர் கதவிடுக்கில் கரும்புகை வருவதைக் கண்டு மெயின் சுவிட்சை இறக்கினார். தறிகள் ஒவ்வொன்றாக நின்று, சத்தம் அடங்கிய பிறகுதான், சைரன் வெகுநேரமாக அடித்துக்கொண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அவர்கள் தப்பினார்கள். வலை சரிசெய்யும் கூடத்தில் மற்றப் பெண்களுக்குச் சைரன் உடனே கேட்டது. ஓடினார்கள். ரீத்தாவும் ஓடினார். வெளியே தென்னைகளுக்கு அடியில் ஆள் எண்ணியபோது ஒருவர் குறைந்தார்.

செலின் இரண்டு வரிசை வலைகளுக்கு நடுவில், வாசலுக்கு முதுகு காட்டி நின்று பின்னிக்கொண்டிருந்தார். நீராவி அறையிலிருந்து நைலான் வாடை எப்போதும் வரும் என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கண் எதிரே தொங்கிய வலை மேலிருந்து சுருண்டு சுருண்டு வருவதைப் பார்த்த பிறகுதான் திரும்பினார். சுற்றிலும் வலை. கைகளால் விலக்கிக்கொண்டு வாசலைத் தேடினார். நைலான் எரியும்போது உருகிச் சொட்டும். பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர் விலக்கிய ஒவ்வொரு வலையும் அவர் கையில் சொட்டியது.

ரீத்தாவும் அந்த மெக்கானிக்கும் நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அவரை இழுத்துவந்தார்கள். உயிர் இருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. இடது உள்ளங்கை சுருங்கிவிட்டது. அதன்பிறகு அந்தக் கைகளால் ஊசி பிடிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். எங்கள் முதலாளி, வலைக் கம்பெனி மேனேஜர், நான் மூவரும் இருந்தோம். செலினுக்குக் காது கேட்காது என்பது ஆஸ்பத்திரியில் வெளிப்பட்டு, அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

மேனேஜர் சொன்னார்: "சைரன் அடிச்சுது சார். லைட்டும் எரிஞ்சுது. முப்பது பேரு வெளிய வந்தாச்சு. அந்தப் பெண்ணு செவி கேக்காதத மறச்சு வேல பாத்திருக்கு. நாங்க என்ன செய்ய முடியும்?"

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "கருவிகள் எல்லாம் சரியா வேலை செஞ்சுதா?"

"சரியா வேலை செஞ்சுது சார்" என்றேன்.

அது பொய் இல்லை. பேனலின் பதிவில் நொடி நொடியாக இருந்தது. அவர் வேறு எதையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செலினுக்குக் காது கேட்காது என்பது எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோதித்ததைச் சொல்லவில்லை. கையால் விலக்கிப் பார்த்த வலையைப் பற்றிச் சொல்லவில்லை. முதலாளி வெளியே வந்து என் தோளில் கைபோட்டு, "நல்லவேளை மக்கா, நம்ம பக்கம் ஒரு கோளாறும் இல்ல" என்றார். அன்று இருவரும் பொரித்த மீனோடு சாப்பிட்டோம். எனக்குச் சாப்பாடு இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வலைக் கம்பெனி, செலின் குறையை மறைத்தார் என்று காரணம் காட்டி, உதவி எதுவும் தர முடியாது என்றது.

இரண்டு மாதம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போனதாக அப்போது நினைத்துக்கொண்டேன். ஒரு பை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். மகள் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாள். அவள்தான் டீ போட்டுக் கொடுத்தாள். செலின் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் உதட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"சாரே, ஒண்ணு கேக்கட்டா? நீங்க வச்ச லைட்டு அண்ணைக்கி எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எரியல்லண்ணு நெனச்சேன். அப்பம் நாந்தான் பாக்கல்ல. செவி போன மாதிரி கண்ணும் போவுதோண்ணு எனக்குப் பயமா இருக்கு சாரே."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் இது. வலை மறைத்திருந்தது, உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மகள் பக்கத்தில் நின்றாள். டீ டம்ளர் என் கையில் சுட்டது. "உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் தன் கண்ணைப் பழித்துக்கொண்டு அந்த நாற்காலியில் இருக்க, நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தீ விபத்துக்கு முன்னால் நான் செய்ததை அலட்சியம் என்று சொல்லலாம். அன்று செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஆறு மாதம் அப்படியே போயிற்று. வேலைக்குப் போனேன், வந்தேன். எந்தக் கட்டிடத்தில் விளக்கைச் சோதித்தாலும் என் இடது கை தானாகவே கொஞ்சம் உயரும். உடன் வருபவர்கள் கேட்டால், தோள் வலி என்பேன். கண் டாக்டரிடம் செலினைக் கூட்டிப்போனதாக யாரோ சொன்னார்கள். பார்வையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம், செலின் நம்பவில்லையாம். அதைக் கேட்ட மறுநாள் காலையில் நான் திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை எதுவும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உதட்டைப் படிக்கும்படி மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மாதிரி விஷயத்தை மெதுவாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. 'வலை' என்ற வார்த்தை அவருக்குப் புரியவில்லை. இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை கையை உயர்த்தி, விலக்குகிற மாதிரி காட்டி, விட்டுக் காட்டினேன். புரிந்துவிட்டது.

 செலின் உரக்கச் சொன்னார். தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"ஆறு மாசமா எனக்க கண்ணயாக்கும் நான் சபிச்சிட்டு இருந்தது."

"தெரியும்."

"ஒமக்கு என்ன தெரியும்? ரீத்தா இஞ்ச வாறதில்ல. தீப்பிடிச்சா நீ ஓடு, எனக்கு லைட்டு உண்டுண்ணு நாந்தான் அவகிட்டச் சொல்லியிருந்தேன். ஒம்மால சொன்னேன். அவ என்ன விட்டுட்டு ஓடிட்டதா நெனச்சு, எனக்க மொகத்தப் பாக்க மாட்டாம கெடக்கா. எனக்கிட்டச் சொன்னா போதுமா? அவகிட்டப் போயிச் சொல்லும்."

அதுவரை 'நீங்க' என்று அழைத்தவர், அன்று 'ஒமக்கு' என்று மாறியதை நான் கவனித்தேன்.

நான் விளக்கை மாட்டியதால் செலினுக்குக் கிடைத்தது எதுவும் இல்லை. ஆபத்தில் தோளைத் தட்டுவதற்கு ஒரு கை இருந்தது. நான் மாட்டிய விளக்கை நம்பி அவர் அந்தக் கையை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். கருவி இல்லாத இடத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நாம் ஒரு கருவியை மாட்டிவிட்டு வந்தால், அந்தப் பார்வை கொஞ்சம் விலகும். அதனால் நாம் மாட்டுவது அந்த ஆளுக்கு நிச்சயமாகக் கேட்க வேண்டும், நிச்சயமாகத் தெரிய வேண்டும். அவர் நிற்கும் இடத்தில் நாமே நின்று பார்க்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது, வெயில் அடிக்கும்போது, சரக்கு நிறைந்திருக்கும்போது. காது மந்தமானவர் யாரும் உண்டா என்று பெயர் கேட்காமலே, எல்லோருக்கும் பொதுவாக விளக்கு வைக்கலாம். ரகசியமும் நிற்கும், ஆளும் தப்புவார். எனக்கு அது தோன்றாமல் இல்லை. இரண்டு மணி நேர வேலைக்குச் சோம்பல்பட்டேன்.

ரீத்தா வீடு அடுத்த தெருவில். முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைக்காமலே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"இத அந்த ஆபீசர்கிட்ட சொன்னியளா?"

"இல்ல."

"அப்பம் அங்க போயி மொதல்ல சொல்லுங்க. எழுதிக் குடுங்க. இஞ்ச வந்து எங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லி, ஒங்க பாரத்த எறக்கி வச்சிட்டுப் போவப் பாக்கியளா? எனக்கு வேண்டாம் சாரே. அவளுக்க மோளு படிப்பு நிக்குது."

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வாக்குமூலத்தை வைத்து விசாரணையைத் திரும்ப எடுத்தார்கள். குறையை மறைத்தார் என்ற பேச்சு அடிபட்டுப்போனது. தறிச் சத்தத்தில்தான் காது போனது என்பதும் பதிவாயிற்று. கம்பெனி செலினுக்கு நஷ்டஈடு கொடுத்தது. மகள் ஒரு வருடம் தாமதமாகப் படிப்பை முடித்து, இப்போது வேலையில் இருக்கிறாள். என் முதலாளி என்னை அன்றே நிறுத்தினார். அவர் இடத்தில் நின்று பார்த்தால் அதில் தப்பில்லை. இரண்டு வருடம் ஒரு ஹார்டுவேர் கடையில் இருந்தேன். பிறகு நம் கம்பெனி, விஷயம் எல்லாம் தெரிந்தே என்னை எடுத்தது. ரீத்தா திரும்பவும் செலின் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். செலின் என்னோடு பேசுவதில்லை. ஒருமுறை வடசேரியில் ஒரே பஸ்ஸில் ஏறினோம். காதில் மெஷின் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது கம்பியை மணிக்கட்டால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அன்று ரீத்தாவிடமிருந்து நேராக நாகர்கோவிலுக்கு, ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். அதே ஆய்வாளர்தான். எல்லாவற்றையும் ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தாளை மேசைமேல் திருப்பி வைத்து, கீழே இருந்த வெற்றிடத்தை விரலால் காட்டினார்.

"எட்டு மாசம் கழிச்சுச் சொல்றீங்க. தாமதத்துக்குக் காரணம் ஒரு வரி எழுதணும். இல்லாட்டி இத எடுத்துக்க முடியாது."

நான் பேனாவை எடுத்து 'உடல்நலக் குறைவு' என்று எழுதினேன். கை தானாகவே எழுதிவிட்டது. இவ்வளவும் சொன்ன பிறகு, இவ்வளவு தூரம் வந்த பிறகு. எழுதியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. அதைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே 'பயந்துவிட்டேன், மறைத்துவிட்டேன்' என்று எழுதினேன்.

ஆய்வாளர் தாளை வாங்கி, அடித்த வரியையும் படித்தார். அது நன்றாகவே படிக்கும்படி இருந்தது.

"வெட்டுன எடத்துக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்து போடுங்க" என்றார்.

போட்டேன்.